நிழற்படம் ஓடும் படமாகும் விதம்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

கண்டதைக் கண்டவாறே பதிந்து வைக்க வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்கு நெடுங்காலமாகவே உண்டு. பாறையில் கீறினான், சுவரில் தீட்டினான், பின்னர் கண்ணாடித் தகட்டிலும் பிலிம் சுருளிலும் ஒளியையே பிடித்து வைத்தான். இன்று பிலிமின் இடத்தைச் சிலிக்கான் தகடு பிடித்துக்கொண்டுவிட்டது. எடுப்பதும் எளிது, பார்ப்பதும் எளிது. ஆனால் எடுப்பதற்கும் பார்ப்பதற்கும் இடையே ஒரு நீண்ட கணக்கு மறைந்திருக்கிறது. அந்தக் கணக்கை அறியாமல் படங்களைக் கையாளும்போது மஞ்சள் பச்சையாகிறது. குங்குமச் சிவப்பு மங்கிப்போகிறது. முகத்தில் விழுந்த வெயில் இளஞ்சிவப்புத் திட்டாக மாறுகிறது. காமிரா தரும் மூலப்படம், வீடியோவுக்கு ஏற்ற படப்புள்ளிகளாக எவ்வாறு மாறுகிறது, அந்த மாற்றத்தில் எதைப் பெறுகிறோம், எதை இழக்கிறோம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நிறம் அறியாத தகடு

பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவரும் 1969-ஆம் ஆண்டு மின்னூட்டங்களைக் கைமாற்றிச் செல்லும் 'சி.சி.டி.' என்னும் சிலிக்கான் அமைப்பைக் கண்டுபிடித்தனர். இதற்காக 2009-இல் அவர்களுக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இன்றைய காமிராக்களில் பெரும்பாலானவை 'சிமாஸ்' என்னும் வேறு வகைத் தகட்டைப் பயன்படுத்துகின்றன. எனினும் அடிப்படை ஒன்றே. ஒளி விழுகிறது, எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன, அவை சிறுசிறு கிண்ணங்களில் சேர்கின்றன, சேர்ந்த அளவு எண்ணாக மாற்றப்படுகிறது.

இங்கே ஒரு தடை எழுகிறது. கிண்ணத்தில் விழுந்த மழைநீர் எந்த மேகத்திலிருந்து வந்தது என்று கிண்ணத்துக்குத் தெரியாது. அதுபோல, சேர்ந்த எலக்ட்ரான் சிவப்பு ஒளியால் வந்ததா, நீல ஒளியால் வந்ததா என்று தகட்டுக்கும் தெரியாது. அதற்குத் தெரிவது ஒளியின் அளவு மட்டுமே, நிறம் தெரியாது.

இத்தடையை நீக்கியவர் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் என்னும் அறிஞர். 1975-இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1976-இல் வழங்கப்பட்டது. ஒவ்வொரு கிண்ணத்தின் மீதும் ஒரு சிறு வண்ண வடிகட்டியை வைப்பதே அவர் சொன்ன வழி. நான்கு கிண்ணங்கள் கொண்ட ஒரு சதுரத்தில் இரண்டுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். இச்சதுரமே தகடு முழுவதும் திரும்பத் திரும்ப வருகிறது. பச்சைக்கு ஏன் இரட்டைப் பங்கு? நம் கண் ஒளியின் ஏற்ற இறக்கத்தை அறிவதில் பச்சைப் பகுதிக்கே மிகுந்த கூர்மை உடையது. படத்தின் நுட்பமான விவரங்களைப் பெரும்பாலும் பச்சையே சுமக்கிறது.

ஆகவே, 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் கொண்ட காமிரா என்று விளம்பரத்தில் கூறப்படும்போது, அதில் 1 கோடியே 20 லட்சம் பச்சையும், 60 லட்சம் சிவப்பும், 60 லட்சம் நீலமுமே உண்மையில் அளக்கப்படுகின்றன. ஒரு புள்ளிக்கு மூன்று நிறம் வேண்டும், அளந்ததோ ஒன்று. எஞ்சிய இரண்டும் பின்னர் கணக்கிட்டு நிரப்பப்படுபவை.

மூலப்படம் என்பது என்ன?

தகடு அளந்த எண்களை எவ்வித ஒப்பனையும் செய்யாமல் அப்படியே எழுதி வைத்த கோப்பே மூலப்படம். இதனைக் கடைக்காரர்களும் படம் எடுப்பவர்களும் 'ரா' கோப்பு என்பர். இது இன்னும் படமாகவில்லை. படத்துக்கான அளவீட்டுப் பட்டியல் என்றே சொல்லலாம். இதனை நேரே திரையில் இட்டால் கட்டம் கட்டமாகவும், பச்சை பாய்ந்தும், இருண்டும் தோன்றும்.

மூலப்படத்தில் ஒவ்வொரு புள்ளியும் பெரும்பாலும் 12 அல்லது 14 இரும எண் இடங்களில் எழுதப்படுகிறது. 14 இடம் என்றால் 16,384 படிநிலைகள். அகலத்தில் 6,000, உயரத்தில் 4,000 என 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் உள்ள படத்தைச் சுருக்காமல் எழுதினால் 4 கோடியே 20 லட்சம் பைட்டுகள் ஆகும்.

இந்த எண்கள் நேர்விகித எண்கள். ஒளி இரு மடங்கானால் எண்ணும் இரு மடங்காகும். எனவே மொத்தமுள்ள 16,384 படிநிலைகளில் சரிபாதி, அதாவது 8,192, மிக வெளிச்சமான ஒரே ஒரு மடங்குக்குள் அடங்கிவிடுகின்றன. நிழலான பகுதிகளுக்கு எஞ்சுவது சிலவே. இருட்டில் எடுத்த படத்தைப் பின்னர் வெளுக்கச் செய்தால் மணல் தூவியதுபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், அங்கே விழுந்த ஒளியே குறைவு என்பது.

நெல்லுக்கும் சோற்றுக்கும் உள்ள வேறுபாடே மூலப்படத்துக்கும் சாதாரணப் படத்துக்கும் உள்ளது. நெல்லை அப்படியே உண்ண இயலாது. ஆனால் அதிலிருந்து சோறும் ஆக்கலாம், அவலும் இடிக்கலாம், விதைக்கவும் செய்யலாம். சோற்றைத் திரும்ப நெல்லாக்க முடியாது.

படம் சமைக்கப்படும் முறை

இனி, அந்த நெல் சோறாகும் முறையைப் படிப்படியாகக் காண்போம்.

முதற்படி, கருமட்டத்தைக் கழித்தல். முழு இருளிலும் தகடு சுழியைக் காட்டுவதில்லை. ஒரு சிறு எண்ணைக் காட்டும். தராசுத் தட்டின் எடையைக் கழித்துப் பொருளின் எடையைக் காண்பதுபோல், இவ்வெண்ணை முதலில் எல்லாப் புள்ளிகளிலிருந்தும் கழித்துவிட வேண்டும். கழிக்காவிட்டால் கறுப்பு, சாம்பல் பூத்து நிற்கும்.

இரண்டாம் படி, வெண்மைச் சமன். மஞ்சள் குண்டு விளக்கின் கீழும் வெள்ளை வேட்டி நமக்கு வெள்ளையாகவே தெரிகிறது. ஏனெனில் நம் மூளை விளக்கின் நிறத்தைக் கழித்துவிடுகிறது. காமிராவுக்கு அந்த மூளை இல்லை. வெள்ளைப் பொருளில் மூன்று நிறங்களும் சமமாக வரும்படி சிவப்பையும் நீலத்தையும் தக்க எண்ணால் பெருக்குகிறோம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அதிக வெளிச்சத்தில் பச்சைக் கிண்ணம் நிரம்பி வழிந்துவிட்டிருந்தால், அதன் எண் மேலே ஏறாது. சிவப்பும் நீலமும் மட்டும் பெருக்கப்படும்போது, வெண்மையாக இருக்க வேண்டிய இடம் இளஞ்சிவப்பாகிவிடும். ஆகையால் பெருக்கிய பின், மூன்று நிறங்களையும் ஒரே உச்ச வரம்பில் வெட்டிவிட வேண்டும்.

மூன்றாம் படி, விடுபட்ட நிறங்களை நிரப்புதல். சிவப்புக் கிண்ணத்தில் பச்சையின் அளவு தெரியாது. அதைச் சுற்றியுள்ள நான்கு பச்சைகளின் சராசரியை அங்கே வைக்கலாம். எளிய முறை இதுதான். ஆனால் ஓர் ஓரம் குறுக்கே செல்லும் இடத்தில், ஓரத்துக்கு அப்பாலுள்ள எண்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஓரம் குழம்பும். பொய் நிறங்கள் தோன்றும். எனவே நல்ல முறைகள் எந்தத் திசையில் மாற்றம் குறைவோ அந்தத் திசையில் மட்டும் சராசரி காண்கின்றன.

நான்காம் படி, நிற மாற்று அணி. ஒரு காமிராவின் சிவப்பு வேறு; திரையின் சிவப்பு வேறு. ஒன்றின் எண்களை மற்றதன் எண்களாக்க, மூன்று நிரையும் மூன்று நிரலும் கொண்ட ஓர் அணியால் பெருக்க வேண்டும். கணித வகுப்பில் 'இது எதற்கு உதவும்?' என்று நாம் முணுமுணுத்த அதே அணிப் பெருக்கல், ஒவ்வொரு படத்திலும் கோடிக்கணக்கான முறை நடைபெறுகிறது.

ஐந்தாம் படி, அளவைக் குறைத்தல். வீடியோவின் வழக்கமான அளவு 1920-க்கு 1080. காமிராவின் படமோ 6000-க்கு 4000. முதலில் மேலும் கீழுமாக 625 வரிசைகளை வெட்டி 6000-க்கு 3375 ஆக்கினால், வடிவம் 16-க்கு 9 என்னும் விகிதத்துக்கு வந்துவிடும். பின்னர் ஒவ்வொரு திசையிலும் 3.125 பங்காகச் சுருக்க வேண்டும். ஏறத்தாழப் பத்துப் புள்ளிகள் கூடி ஒரு புள்ளியாகின்றன. இதில் ஒரு நன்மை உண்டு. முன்பு ஊகித்து நிரப்பிய நிறங்களின் பிழைகள் இச்சராசரியில் பெரும்பாலும் கரைந்துவிடுகின்றன. மணல் தூவிய தோற்றமும் குறைகிறது.

ஆறாம் படி, ஒளி வளைவு. நம் கண் நிழலில் சிறு வேறுபாட்டையும் உணரும். வெளிச்சத்தில் அவ்வளவாக உணராது. எனவே நேர்விகித எண்களை ஒரு வளைகோட்டின் வழியே செலுத்தி, நிழலுக்கு அதிகப் படிநிலைகளைத் தருகிறோம். வீடியோவுக்கான பொதுவிதியின்படி, 18 விழுக்காடு ஒளி ஏறத்தாழ 41 விழுக்காடு மதிப்பாக எழுதப்படுகிறது. 50 விழுக்காடு ஒளி 70 விழுக்காடாகிறது.

அளவைக் குறைப்பதை வளைவுக்கு முன்னே வைத்ததற்குக் காரணம் உண்டு. கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் மெல்லிய கோடுகளைத் தொலைவிலிருந்து பார்த்தால் பாதி ஒளியே கண்ணுக்கு வரும். அதன் சரியான மதிப்பு 70. வளைவுக்குப் பின் சராசரி எடுத்தாலோ 50 என்று வரும். உரிய அளவைவிட இருண்டு போகும். படிகளின் வரிசை மாறினால் விடையும் மாறும் என்பதற்கு இது நல்ல சான்று.

கறுப்பு வெள்ளையும் வண்ணப் பூச்சும்

இதுவரை நாம் பெற்றது சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று எண்கள் கொண்ட படம். ஆனால் வீடியோ இம்மூன்றையும் அப்படியே ஏற்பதில்லை. 'ஒளிர்வு' என்று ஒன்றும், 'நிற வேறுபாடு' என்று இரண்டும் கேட்கிறது. ஏன்?

விடை தொலைக்காட்சியின் வரலாற்றில் இருக்கிறது. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கியது. படம் கறுப்பு வெள்ளைதான். 1982-இல் நாட்டில் வண்ண ஒளிபரப்பு வந்தது. அப்போது வீடுகளில் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளைத் தூக்கியெறிய நேரவில்லை. வண்ண நிகழ்ச்சியையும் அவை கறுப்பு வெள்ளையில் ஒழுங்காகக் காட்டின. காரணம், ஒளிர்வு தனியாகவும் நிறம் தனியாகவும் அனுப்பப்பட்டதே. பழைய பெட்டி ஒளிர்வை எடுத்துக்கொண்டது; புதிய பெட்டி இரண்டையும் எடுத்துக்கொண்டது. இக்கருத்தை பிரான்சு நாட்டின் ஜார்ஜ் வலான்சி என்பவர் 1938-இலேயே காப்புரிமை விண்ணப்பமாக அளித்திருந்தார்.

பழைய ஸ்டுடியோக்களில் கறுப்பு வெள்ளைப் படத்தின் மீது தூரிகையால் வண்ணம் தீட்டித் தருவார்கள். கன்னத்தில் சிவப்பு, சேலையில் பச்சை, நகையில் மஞ்சள். தூரிகை சற்றே கோட்டைத் தாண்டினாலும் முகம் கெடாது. ஏனெனில் கண், மூக்கு, மயிரிழை ஆகிய விவரம் எல்லாம் கீழேயுள்ள கறுப்பு வெள்ளைப் படத்தில் இருக்கிறது. நிறம் என்பது மேலே பூசிய மெல்லிய படலமே. வீடியோவின் தத்துவமும் இதுவே ஆகும்.

உயர்தர வீடியோவுக்கு 1990-இல் வகுக்கப்பட்ட '709' என்னும் பன்னாட்டு விதியின்படி, ஒளிர்வு என்பது சிவப்பின் 0.2126 பங்கும், பச்சையின் 0.7152 பங்கும், நீலத்தின் 0.0722 பங்கும் சேர்ந்த தொகை. நீலத்திலிருந்து ஒளிர்வைக் கழித்து 1.8556-ஆல் வகுத்தால் நீல வேறுபாடு. சிவப்பிலிருந்து கழித்து 1.5748-ஆல் வகுத்தால் சிவப்பு வேறுபாடு. பச்சையைத் தனியே அனுப்ப வேண்டியதில்லை. மற்ற மூன்றிலிருந்து அதைக் கண்டுகொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டு: குங்குமம் போன்ற நிறம் ஒன்று, சிவப்பு 200, பச்சை 40, நீலம் 40 என்று கொள்வோம். ஒளிர்வு 42.52 + 28.61 + 2.89, அதாவது ஏறத்தாழ 74. நீல வேறுபாடு கழித்தல் 18.3. சிவப்பு வேறுபாடு 80. இவற்றை வீடியோவின் எல்லைக்குள் அமைக்க வேண்டும். எட்டு இட வீடியோவில் ஒளிர்வுக்குக் கறுப்பு 16, வெள்ளை 235. நிற வேறுபாடுகளுக்கு 128 நடு. 16 முதல் 240 வரை எல்லை. அவ்வாறு அமைத்தால் நம் குங்குமம் 80, 112, 198 என்னும் மூன்று எண்களாகிறது.

நான்கில் ஒரு பங்கு

ஒளிர்வில் நம் கண் கூர்மையானது. நிறத்தின் நுண்மையில் மந்தமானது. இதனைப் பயன்படுத்தி, நிற வேறுபாடுகளை நான்கு புள்ளிகளுக்கு ஒருமுறை மட்டும் எழுதுகிறார்கள். '4:2:0' என்று இதற்குப் பெயர். நான்கு புள்ளி அகலமும் இரண்டு வரிசையும் கொண்ட ஒரு சிறு கட்டத்தில், மேல்வரிசைக்கு இரண்டு நிற மாதிரிகள். கீழ்வரிசைக்குப் புதிதாக ஏதுமில்லை, மேலே உள்ளவையே அதற்கும் பொது. இதனால்தான் இவ்வகை வீடியோவின் அகலமும் உயரமும் இரட்டை எண்களாக இருக்க வேண்டும்.

இதனால் விளையும் சிக்கனத்தைக் கணக்கிடுவோம். 1920-க்கு 1080 என்றால் 20,73,600 புள்ளிகள். மூன்று நிறமும் முழுமையாக எழுதினால் ஒரு படத்துக்கு 62,20,800 பைட்டுகள். 4:2:0 முறையிலோ 31,10,400. சரிபாதி! இதன் பின்னரும் வினாடிக்கு 24 படம் என்றால் 7,46,49,600 பைட்டுகள் ஆகும். எனவேதான் அடுத்து 'எச்.264' போன்ற சுருக்க முறைகள் வருகின்றன. ஆனால் அவை வேலையைத் தொடங்குமுன்பே பாதிச் சுமை இறங்கிவிட்டது.

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்பு எழுத்துகளை எழுதி வீடியோவாக்கிப் பாருங்கள். சிவப்பும் நீலமும் ஒளிர்வில் இரண்டுமே மங்கலானவை. வேறுபாடு பெரிதும் நிறத்தில்தான் இருக்கிறது. அந்த நிறமோ நான்கில் ஒன்றாகக் குறைக்கப்பட்டுவிட்டது. எழுத்தின் ஓரம் கசியும். சிறிய எழுத்தாயின் படிக்கவே இயலாது. விழா வீடியோவில் பெயர்ப்பட்டியல் போடுவோர், கருநீலத்தின் மீது வெள்ளை எழுத்து என்பதுபோல் ஒளிர்வில் வேறுபடும் இணையைத் தேர்ந்தெடுப்பது நன்று.

விதி மாறினால் நிறம் மாறும்

மேலே சொன்ன 709 விதிக்கு முன்னதாக, 1982-இல் '601' என்னும் விதி வகுக்கப்பட்டது. அதில் பங்குகள் 0.299, 0.587, 0.114. 709-இன்படி எழுதிய கோப்பை 601-இன்படி படித்தால் என்ன ஆகும்? நம் குங்குமம் 200, 40, 40 என்பதற்குப் பதிலாக ஏறத்தாழ 186, 23, 42 என வெளிவரும். சிவப்பு இருண்டு போயிற்று. சாயலும் சற்றே விலகிற்று. எண்களில் ஒன்றுகூட அழியவில்லை. படித்த முறைதான் தவறு. அதுபோலவே 16 முதல் 235 என்னும் எல்லையை 0 முதல் 255 என்று எண்ணிப் படித்தால், கறுப்பு சாம்பலாகும், வெள்ளை மங்கும். எனவே எந்த விதிப்படி எழுதினோம் என்பதைக் கோப்பிலேயே குறித்து வைப்பது இன்றியமையாதது.

தனிப்படங்களைத் தொடுத்து ஓடும் படமாக்குவோர் மேலும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். டிம் பர்ட்டன், மைக் ஜான்சன் இருவரும் இயக்கி 2005-இல் வெளிவந்த 'கார்ப்ஸ் பிரைட்' என்னும் பொம்மைப் படம், கேனன் நிறுவனத்தின் சாதாரண நிழற்படக் காமிராக்களால், ஒவ்வொரு படமாக எடுத்துத் தொடுக்கப்பட்டது. இத்தகைய வேலையில் வெண்மைச் சமனும் வெளிச்ச அளவும் எல்லாப் படங்களுக்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் கருவியே தானாகத் தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டால், தனித்தனியே பார்க்கையில் எல்லாம் அழகாகவே இருக்கும். ஓட்டிப் பார்த்தாலோ காற்றில் ஆடும் விளக்குப்போல் திரை துடிக்கும். மொட்டு மலர்வதையும் மேகம் நகர்வதையும் இவ்வாறு எடுக்க விரும்பும் தாவரவியல், புவியியல் துறை நண்பர்களுக்கு இது பெரிதும் பயன்படும்.

விதைநெல்லைக் காத்தல்

இறுதியாக, இழப்பைப் பற்றிச் சிந்திப்போம். 16,384 படிநிலைகளாக இருந்தது, ஒளிர்வில் 16 முதல் 235 வரை 220 படிநிலைகளாயிற்று. 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள், ஏறத்தாழ 21 லட்சமாயின. நிறமோ அதிலும் நான்கில் ஒன்றாயிற்று. திரையில் பார்க்க இது போதும். உண்மையில் மிக நன்றாகவே இருக்கும். ஆனால் ஆய்வுக்குப் போதாது.

சித்தன்னவாசல் குகையின் ஓவியத்தையோ, மங்கி வரும் ஓர் ஓலைச்சுவடியையோ, இடிக்கப்படவிருக்கும் ஒரு பழங்கட்டடத்தையோ நாம் படமெடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வீடியோ ஆக்கிவிட்டோம், இனி மூலப்படம் எதற்கு என்று அழித்துவிட்டால், நாளை ஒருவர் வந்து 'இந்த இலையின் பச்சை எத்தகையது? நிழலில் மறைந்த இந்த எழுத்து யாது?' என்று கேட்கும்போது காட்டுவதற்கு நம்மிடம் ஒன்றும் இராது. பொருளும் அதற்குள் அழிந்திருந்தால், அந்தக் கேள்விக்கு எக்காலத்தும் விடை இல்லை. முறைகளோ நாளுக்கு நாள் மேம்படுகின்றன. பத்தாண்டுக்கு முன் எடுத்த மூலப்படத்தை இன்றைய முறையில் சமைத்தால் அன்றைவிட நல்ல படம் கிடைக்கிறது. சோறாக்கிவிட்டதற்கு அந்த வாய்ப்பு இல்லை.

மூலப்படங்களை எல்லா நிறுவனங்களும் ஒரே வடிவில் எழுதுவதில்லை. பல நிறுவனங்கள் தம் வடிவின் விவரத்தை வெளியிடுவதும் இல்லை. 1997-இல் டேவ் காஃபின் என்பவர் எழுதத் தொடங்கிய 'டி.சி.ரா' என்னும் இலவச நிரல், பற்பல காமிராக்களின் கோப்புகளைத் திறந்து படிக்கும் வழியை எல்லாருக்கும் பொதுவாக்கியது. 2004-இல் அடோபி நிறுவனம் 'டி.என்.ஜி.' என்னும் வெளிப்படையான வடிவை அறிவித்தது. பொதுவடிவில் ஒரு பிரதியும், காமிரா தந்த வடிவிலேயே ஒரு பிரதியுமாக, இரு வேறு வட்டுகளில், இரு வேறு இடங்களில் வைப்பது பாதுகாப்பானது. எந்த நாள், எந்த இடம், எந்த விளக்கொளி என்ற குறிப்பையும் உடன் வைக்க வேண்டும்.

நம் துறைகள் சுற்றுலாவிலும் களப்பணியிலும் ஆண்டுதோறும் எத்தனையோ படங்களை எடுக்கின்றன. கைப்பேசியில் பகிர வீடியோ போதும். துறை அலமாரியில் இருக்க வேண்டியது மூலப்படமே. பசித்தபோதும் விதைநெல்லைக் குத்தாத உழவனின் மக்கள் நாம். படத்திலும் அவ்வழக்கத்தைக் கைக்கொள்வோமாக!